நிரந்தர அம்பயர்

காரைக்கால் அரசலாற்றங்கரை கிரிக்கெட் சபையில் முத்தையனுக்கு முன்னால் மூன்று அம்பயர்கள் இருந்தார்கள். முதலாமவருக்கு முன்பல் இரண்டு போயின. இரண்டாமவரை வெள்ளைக் கோட்டோடு தூக்கி ஆற்றில் போட்டார்கள். அவருக்கு நீச்சல் தெரியும் என்பதால் சபை அதைப் பெரிதுபடுத்தவில்லை. மூன்றாமவர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். ஒரு கேட்ச்சுக்கு அவுட் கொடுத்த மறு வாரமே ரெயூனியோன் தீவிலிருக்கும் மச்சான் வீட்டுக்குப் போனவர், கோட்டை மட்டும் தபாலில் திருப்பி அனுப்பினார்.

அதன்பிறகு யாரைக் கேட்டாலும் கண்பார்வை சரியில்லை என்றார்கள். கண்பார்வை சரியில்லாதவர்களாகப் பார்த்துக் கேட்டபோது அவர்களுக்குப் பார்வை தெளிந்துவிட்டது; அவுட் ஆகும் ஆட்டக்காரர்களின் உடற்கட்டு நன்றாகத் தெரிகிறது என்று ஒதுங்கிக்கொண்டார்கள். கடைசியில் சபை கூடித் தீர்மானம் போட்டது. ரோலர் இழுக்கிற ஆள் எப்படியும் நாள் முழுக்க மைதானத்தில்தான் கிடக்கிறான். ஆட்டம் நடக்கிற நேரம் சும்மாதான் நிற்கிறான். அந்த நிற்பை வெள்ளைக் கோட்டுக்குள் நிற்கட்டும்.

அப்படித்தான் முத்தையன் அம்பயர் ஆனார். நாற்பத்தேழு வயது. பதினோரு வருடமாகச் சபையில் தினக்கூலி. ரோலர் இழுப்பது, தண்ணீர் தெளிப்பது, சுண்ணாம்புக் கோடு போடுவது, கமிட்டிக்கு நாற்காலி தூக்கிப் போட்டுத் தேநீர் ஊற்றிக் கொடுப்பது எல்லாம் அவர்தான். கோட்டு அவருக்கு முழங்காலுக்குக் கீழே இறங்கியது. தூரத்திலிருந்து பார்த்தால் கோட்டு தானாக நடந்து வருவது போல இருக்கும்.

மைதானத்தின் கிழக்கு மூலையில் ஓர் ஓட்டு அறை உண்டு. பிரெஞ்சுக்காரன் காலத்தில் சுங்கத்துக்காகக் கட்டியது. ஒரு முழக் கனச் சுவர். எழுபத்தேழு புயலில் ஊரில் பாதிக் கூரை பறந்தபோது அதில் ஓர் ஓடுகூட அசையவில்லை. சபையின் நிரந்தர ஊழியருக்கு அந்த அறையைக் கொடுக்க வேண்டும் என்று விதி இருந்தது. சபை நிரந்தர ஊழியர் யாரையும் வைத்துக்கொள்ளாததால் அந்த விதி மீறப்பட்டதே கிடையாது.

முத்தையனின் குடிசை ஆற்றோரத்தில் இருந்தது. அதே புயலில் கூரை போனது. மேலே தென்னங்கீற்றும் ஒரு கிழிந்த தார்ப்பாயும் போட்டிருந்தார். அவர் மனைவி அமுதத்துக்கு இளைப்பு. ஈரம் பட்டால் மூச்சு விசில் அடிக்கும். போன அடைமழையில் குடிசைக்குள் தண்ணீர் நின்ற நாலு நாளும் அவள் உரலைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

"இன்னொரு ஐப்பசி இஞ்ச கெடந்தா நான் இருக்க மாட்டேன்" என்றாள் அமுதம், சோற்றை வடித்துக்கொண்டே. "அந்த ரூமக் கேளுங்க. வாய் இருக்குல்ல."

"நிரந்தரம் ஆகணும்."

"பதினோரு வருசமா ரோலர் இழுக்குறீங்க. ரோலர் நிரந்தரம் ஆயிடுச்சு, நீங்க ஆகல."

சபையில் ஒரு வழக்கம் இருந்தது. வேறெங்கும் இருந்ததாகத் தெரியவில்லை. ஒருவனுக்கு அவுட் கொடுத்தால், அவன் நடந்து போய் வேலிப் படலைத் தாண்டும்வரை அம்பயர் விரலை இறக்கக் கூடாது. நடுவில் விரல் இறங்கினால் அவுட் ரத்து. என்றைக்கோ ஒரு தகராறில் முளைத்த வழக்கம். அதனால் அவுட் ஆனவர்கள் மெதுவாகப் போவார்கள். நின்று பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டுவார்கள். ஒருவன் பாதி வழியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வடை தின்றான். பழைய அம்பயர்களுக்குக் கை கடுத்து விரல் இறங்கிவிடும். முத்தையனிடம் இது பலிக்கவில்லை. ரோலர் இழுத்த கை. வடை தின்று முடித்தவன் ஏப்பம் விட்டு எழுந்து போகும்வரை விரல் நட்ட குச்சி மாதிரி நின்றது.

இதனால் அதிகம் பாதிக்கப்பட்டவன் நீலகண்டன். சபை அணியின் கேப்டன். அம்பகரத்தூர்ப் பக்கம் நிலபுலம் உள்ள வீட்டுப் பிள்ளை. சபைச் செயலாளர் திருஞானசம்பந்தத்துக்கு மச்சினன். அவுட் ஆனால் ஸ்டம்பைப் பிடுங்கி எறிவான், பேட்டை எறிவான், எறிய ஒன்றும் இல்லாவிட்டால் வார்த்தையை எறிவான். ஒருநாள் முத்தையனின் காதுக்கு அரை விரற்கடை தள்ளி ஸ்டம்பு பறந்து, தலைவர் குடித்துக்கொண்டிருந்த தேநீர்க் குவளையில் விழுந்தது.

தலைவர் மேல் தேநீர் தெறித்ததும் சபைக்கு ஒழுக்கம் பற்றிய கவலை வந்தது.

தலைவர் மொசியே ஆத்ரியேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அவருக்குத் தெரிந்த விளையாட்டு ஃபுட்பால். கிரிக்கெட்டை அவர் ஒருநாளும் ஆடியதில்லை. ஆடுகிறவர்கள் எதற்காக நடுநடுவே நிற்கிறார்கள் என்ற சந்தேகம் அவருக்குத் தீரவேயில்லை. அவசரக் கூட்டத்தில் மீசையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"கனவான்களே, நான் சைகோன்ல பதினோரு வருஷம் ஒழுங்கக் காத்தவன். பூட்ஸ் கிடங்கு என் பொறுப்புல இருந்துது. நாலாயிரம் ஜோடி. ஒரு பூட்ஸாவது என்னை எதுத்துப் பேசினது உண்டா? ஃபுட்பால்ல பாருங்க. ஒருத்தன் மோசமா நடந்துகிட்டா ரெஃப்ரி பையிலேர்ந்து சிவப்பு அட்டைய எடுப்பான். ஆள் வெளியே. இஞ்ச என்ன இருக்கு? ஒரு விரல். அதுவும் அவுட் ஆனவனுக்கு. அவுட் ஆகாம அட்டகாசம் பண்றவன அம்பயர் என்ன பண்ணுவான்? அழுவானா?"

"அழுதுருக்கேங்க" என்றார் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த முத்தையன்.

அது குறிப்பில் ஏறவில்லை.

திருஞானசம்பந்தம் எழுந்தார். ஓர் அலுவலகத்தில் சூப்ரின்டென்ட். கோப்பு இல்லாத இடத்தில் அவருக்கு மூச்சு வராது. "தலைவர் சொல்றது உயர்ந்த கருத்து. ஆனா வெளியேன்னா எதுக்கு வெளியே? கோட்டுக்கு வெளியேயா, வேலிக்கு வெளியேயா, காரைக்காலுக்கே வெளியேயா? வாஞ்சூரத் தாண்டினா தமிழ்நாடு. அங்க போனவன்மேல நம்ம சபைக்கு அதிகாரம் கிடையாது. அவன் அங்க நின்னுகிட்டு நம்ம அம்பயரத் திட்டினா அதுக்கு எந்தக் கோர்ட்டு?"

அன்றைய கூட்டம் வாஞ்சூரோடு முடிந்தது.

அடுத்த கூட்டத்தில், மோசமான நடத்தை என்றால் என்ன என்று வரையறுக்கத் துணைக் கமிட்டி அமைத்தார்கள். விஷயம் தெரிந்தவர் ஒருவர் வேண்டும் என்பதால் நீலகண்டனைத் தலைவராகப் போட்டார்கள். அவன் மனமுவந்து உழைத்தான். மைதானத்தில் புழங்கும் வசவுகளைத் திரட்டி, அறுபத்து நான்கு உருப்படிகள் கொண்ட பட்டியல் தயாரித்தான். எவை குற்றம், எவை குற்றமில்லை என்று பிரிக்க, நேரடி அனுபவம் உள்ளவர் என்ற முறையில் முத்தையனை மேஜைக்கு முன்னால் நிறுத்தினார்கள். நீலகண்டன் ஒவ்வொன்றாக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னான். செயலாளர் எழுதிக்கொண்டார்.

"நாயே. வலிக்குதா?" என்று செயலாளர் கேட்டார்.

"பழகிப்போச்சுங்க."

"வலியில்லை. அடுத்தது?"

அடுத்தது தாயைச் சேர்த்துச் சொல்வது. நீலகண்டன் அதை நிறுத்தி நிதானமாகச் சொன்னான்.

"அது வலிக்கும்ங்க" என்றார் முத்தையன்.

"உங்க தாயார் இருக்காங்களா?"

"தவறிட்டாங்கய்யா. ஆறு வருசமாச்சு."

"அப்ப பாதிக்கப்பட்டவர்னு யாரும் இல்ல" என்று செயலாளர் அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்.

கமிட்டி உறுப்பினர்கள் வேலை சொல்லும்போது முத்தையனை வழக்கமாக அழைக்கும் சொற்கள் பத்தொன்பது அந்தப் பட்டியலில் இருந்தன. அவற்றைக் குற்றம் என்று வைத்தால் கமிட்டியே வெளியே போக வேண்டிவரும் என்பதால், அவை நடைமுறை விளிச்சொற்கள் என்று விடப்பட்டன. இப்படியே வடிகட்டி மாலைக்குள் மூன்று வசவு மிஞ்சியது. மூன்றும் யாருக்கும் பொருள் தெரியாதவை.

"நான் முக்கியமா சொல்ற ஒண்ண விட்டுட்டீங்க அத்தான்" என்று நீலகண்டன் நினைவூட்டினான். அதையும் சேர்த்துப் படித்து, அதையும் அடித்தார்கள்.

மூன்று மாதத்தில் விதி தயாராயிற்று. சைக்ளோஸ்டைல் எடுத்த இரண்டு பக்கம். சிவப்பு அட்டையைத் தலைவரின் மகள் மார்கெரித் பிரான்சில் தூலோனிலிருந்து அனுப்பியிருந்தாள். செயலாளர் அதில் சபை முத்திரை குத்தி, தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். அம்பயர் கையில் கொடுத்தால் அவர் அதைப் பயன்படுத்திவிடக்கூடும் என்ற அச்சம் எல்லோருக்கும் இருந்தது. அட்டை தேவைப்படும் அம்பயர் மூன்று பிரதிகளில் மனு எழுத வேண்டும். குற்றம் செய்த ஆட்டக்காரர் அதில் ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டும். அவர் அணியின் கேப்டன் பரிந்துரைக்க வேண்டும். இல்லாவிட்டால் சம்பவ இடத்திலேயே கமிட்டி கூடி முடிவு செய்யும். ஐந்தாவது பிரிவு சுருக்கமாக இருந்தது: மைதானத்தில் ஆட்டத்துக்கு இடையூறு செய்யும் எவரும் வெளியேற்றப்படுவர்.

பங்குனியில் இறுதிப் போட்டி. அதற்கு முந்தின வாரம் தலைவர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். இறுதிப் போட்டியில் விதியை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றும் அம்பயருக்கு அன்று மாலையே நிரந்தர ஆணை. ஓட்டு அறையின் சாவி.

முத்தையன் முதியோர் கல்வி வகுப்பில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த இரண்டு பக்கத்தையும் எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி ஒன்பது நாளில் படித்து முடித்தார். அவர் வாழ்க்கையில் முழுசாகப் படித்த முதல் தாள் அது. அச்சடித்து முத்திரையும் குத்தியிருந்ததால், அதில் உள்ளபடிதான் நடக்கும் என்று நம்பினார்.

"எவன் பண்ணாலும் வெளியேன்னு போட்டுருக்கு. எவனாருந்தாலும்" என்று அமுதத்திடம் விரலை வைத்துக் காட்டினார்.

"எழுத்து தெரியாம இருந்தப்ப உங்களுக்கு இவ்வளவு தைரியம் கெடையாது" என்றாள் அவள். ஆனாலும் மறுநாள் புருஷனோடு சபைக்குப் போய் வேலை முடிந்து வரும்போது ஓட்டு அறையின் கதவிடுக்கில் கண்ணை வைத்து, அடுப்பை எந்த மூலையில் வைக்கலாம் என்று பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

இறுதிப் போட்டியில் சபை அணிக்கும் கோவில்பத்து அணிக்கும் ஆட்டம். கோவில்பத்தின் பந்துவீச்சாளன் ழில்பேர். நெட்டையன், அதிகம் பேசமாட்டான். முதல் ஓவரின் நாலாவது பந்தில் நீலகண்டனின் நடு ஸ்டம்பு பிடுங்கிக்கொண்டு பின்னால் பறந்தது. பத்தடி தள்ளிப் போய் விழுந்தது. முத்தையன் விரலைத் தூக்கினார்.

நீலகண்டன் நகரவில்லை. "என்னா தூக்கிகிட்டு நிக்குற?" என்றான்.

"ஸ்டம்பு போயிட்டுது தம்பி."

"காத்துல விழுந்துச்சு."

"காத்து கடலேர்ந்து அடிக்குது. ஸ்டம்பும் கடலப் பாத்துத்தான விழுந்துருக்கு."

கோவில்பத்துக்காரர்கள் சிரித்தார்கள். நீலகண்டன் கொஞ்சம் நடந்தான். உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினான். கையுறையைக் கழற்றி மாட்டினான். தண்ணீர் கேட்டுக் குடித்தான். முத்தையனின் விரல் அப்படியே நின்றது. அவர் மனசில் ஓட்டு அறையின் கதவு இருந்தது. கடைசியில் நீலகண்டன் எழுந்து, படலுக்குப் போகும் வழியை விட்டு, நேராக முத்தையனிடம் வந்தான்.

"எறங்காதா?"

"நீங்க தாண்டினா எறக்கிடுறேன் தம்பி."

"நான் எறக்குறேன்" என்று பேட்டை ஓங்கி, அதன் விளிம்பால் விரலில் ஒரே அடி அடித்தான்.

முருங்கைக்கொம்பு முறிகிற சத்தம் எல்லைக்கோடு வரை கேட்டது. முத்தையன் விரலைப் பார்த்தார். அது நடுக்கணுவில் மடங்கிக் கீழே தொங்கியது.

"எறங்கிட்டுது" என்றான் நீலகண்டன். "நாட் அவுட். பந்து போடச் சொல்லு."

ழில்பேர் ஓடிவந்து தன் கைக்குட்டையால் விரலைச் சுற்றினான். "ஆஸ்பத்திரிக்கு வாங்கண்ணே" என்றான்.

"இரு தம்பி. மனு கொடுக்கணும்" என்று முத்தையன் கமிட்டி உட்கார்ந்திருந்த பந்தலை நோக்கி நடந்தார். விதியின் இரண்டு பக்கமும் அவருக்கு மனப்பாடம்.

செயலாளர் அவரை மரியாதையோடு வரவேற்றார். விதி முதன்முதலாக நடைமுறைக்கு வருவதில் அவருக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. படிவத்தை எடுத்து நடுவில் கார்பன் தாள் வைத்துக் கொடுத்தார்.

"வலது கை வரலங்கய்யா. இடது கையால எழுதட்டுமா?"

"கையெழுத்து ஒத்துப்போகாது."

"ரேகை வக்கிறேன்."

"எழுதத் தெரிஞ்சவர் ரேகை வச்சா அது முதியோர் கல்வித் திட்டத்த அவமதிக்கிறதாயிடும். உங்களப் படிக்கவச்ச அரசாங்கத்துக்கு நீங்க காட்டுற நன்றி இதுதானா?"

முத்தையன் பேனாவைக் கட்டை விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகிக்கொண்டு எழுதினார். ஆள்காட்டி விரல் கைக்குட்டைக்குள் தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

"அழுத்தி எழுதுங்க" என்றார் செயலாளர். "மூணாவது காப்பியில விழ மாட்டேங்குது."

அழுத்தி எழுதினார். முதல் பிரதியில் இரத்தம் பட்டுவிட்டதால் வேறு படிவம் கொடுத்து மறுபடி எழுதச் சொன்னார்கள். நீலகண்டன் தாராளமாக ஒப்புதல் கையெழுத்துப் போட்டான். காரணம் என்ற இடத்தில், அம்பயர் விரலைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று எழுதினான். கேப்டனின் பரிந்துரை என்ற இடத்திலும் அவனேதான் எழுத வேண்டும். சற்று யோசித்து, விருப்பு வெறுப்பின்றி, பரிந்துரைக்கவில்லை என்று எழுதினான்.

ஆகவே சம்பவ இடத்தில் கமிட்டி கூட வேண்டும். சம்பவ இடம் ஆடுகளத்தின் நடு. ஏழு நாற்காலி, ஒரு மேஜை. நாற்காலி தூக்குவது யார் வேலை என்பதில் சபையில் என்றைக்கும் குழப்பம் இருந்ததில்லை. முத்தையன் இடது கையால் ஒவ்வொன்றாக ஏழு முறை கொண்டுபோய்ப் போட்டார். மேஜைக்கு மட்டும் ழில்பேர் ஒரு பக்கம் பிடித்தான். எதிரணிக்காரர் சபைச் சொத்தைத் தொட்டதாக அது குறிப்பில் ஏறியது.

செயலாளர் தொடங்கினார். "நீலகண்டன் எனக்கு மச்சினன். அதனால இந்த விஷயத்துல நான் நடுநிலை. ரெண்டு பக்கத்துக்கும் நானே பேசிடுறேன், அப்பத்தான் யாருக்கும் மனக்குறை இருக்காது. முதல் கேள்வி. அடிச்சப்போ நீலகண்டன் அவுட்டா, இல்லையா? அவுட்டுன்னா அவர் ஆட்டக்காரர் இல்ல, வேடிக்கை பாக்குறவர். வேடிக்கை பாக்குறவர வெளியே அனுப்ப அம்பயருக்கு அதிகாரமில்ல. சரி, அவுட் இல்லன்னா? அவுட் இல்லாதவருக்கு முத்தையன் விரலத் தூக்கினது பொய். அந்தப் பொய்ய எறக்கினவருக்கு நாமதான் நன்றி சொல்லணும்."

கமிட்டியில் ஒருவர் கைதட்டினார்.

"வெரலு ஒடஞ்சிருக்குங்கய்யா" என்றார் முத்தையன்.

"வழக்கத்துல, விரல் இறங்கினா ரத்துன்னுதான் இருக்கு. எதனால இறங்கினா ரத்துன்னு இல்ல" என்றார் செயலாளர். "தலைவரே, நான் கவலப்படுறது வேற. மணி பன்னெண்டே முக்கால். ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷமா ஆட்டம் நிக்குது. ஆட்டம் நடக்குறப்போ எடத்த விட்டு நகந்தது யாரு? பந்தலுக்கு வந்தது யாரு? ஆடுகளத்துல நாற்காலிய இழுத்துப்போட்டது யாரு? அஞ்சாவது பிரிவப் படிங்க."

படித்தார்கள். மைதானத்தில் ஆட்டத்துக்கு இடையூறு செய்யும் எவரும்.

மொசியே ஆத்ரியேன் எழுந்து நின்றார். மூன்று மாதமாகக் கண்ணாடிக்கு முன்னால் பழகியிருந்தார். காலோடு கால் சேர்த்து, செயலாளர் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்த அட்டையைப் பையிலிருந்து உருவி, முத்தையனின் நெற்றிக்கு நேராக நீட்டினார். அவர் கண்ணில் நீர் நின்றது. "முத்தையா, எனக்கு உன்மேல கோவமே இல்ல. பூட்ஸ்மேலகூட நான் கோவப்பட்டதில்ல" என்றார். "கோட்டக் கழட்டி வச்சுட்டுப் போ. அது சபைச் சொத்து."

முத்தையன் கோட்டைக் கழற்றி மடித்துக் கொடுத்தார். படலைத் தாண்டினார்.

இப்போது அம்பயர் இல்லை. கமிட்டியில் ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஏழு பேருக்கும் கண்பார்வை மங்கியது. அப்போது யாரோ மறந்தாற்போல் கோட்டை ரோலரின் கைப்பிடியில் மாட்டினார்கள். மாட்டியதும் அது அப்படியே நிற்பது போலத்தான் இருந்தது. பழைய அம்பயருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ரோலரைத் தள்ளிக்கொண்டுபோய் அம்பயர் நிற்கும் இடத்தில் நிறுத்தினார்கள். கடல்காற்றுக்குக் கோட்டு புரண்டு புரண்டு விழுந்தது.

"கூலி ஆள் எங்க?" என்றார் செயலாளர்.

"வெளியே அனுப்பிட்டோமே" என்றார் தலைவர்.

"வெளியே போனது அம்பயர் முத்தையன். கூலி முத்தையனுக்கு வேலை ஆறு மணி வரைக்கும்."

படலுக்கு அப்பால் உட்கார்ந்திருந்த முத்தையனைக் கூப்பிட்டு, ரோலருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு, கோட்டு விழாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பேசக் கூடாது. தலை தெரியக் கூடாது. ஆறு மணி வரை பிடித்துக்கொண்டிருந்தார். வெயிலில் விரல் பப்பாளிப்பழம் போல வீங்கியது. அன்று ழில்பேர் நீலகண்டனின் ஸ்டம்பை இன்னும் நாலு முறை பிடுங்கினான். கோட்டு எதற்கும் அசையவில்லை. நூறு அடித்ததும் நீலகண்டன் வந்து கோட்டின் வெறும் கையைப் பிடித்துக் குலுக்கினான். தொய்வான துணியைப் பிடித்துக் குலுக்கும்போது அதன் பின்னால் இருந்த கையும் சேர்ந்து குலுங்கியது. ஆட்டத்தில் வசவு இல்லை, எறிதல் இல்லை. சபையின் சரித்திரத்தில் அவ்வளவு ஒழுக்கமான ஆட்டம் நடந்ததில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

பரிசளிப்பில் தலைவர் பேசினார். "விதிய எழுத்துப் பிசகாம நடத்துற அம்பயருக்கு நிரந்தரம்னு வாக்குக் கொடுத்தேன். சொல்தா, பட்டாளத்துக்காரன், வாக்கு மாற மாட்டான். எடத்த விட்டு நகரல. எதுத்துப் பேசல. பாரபட்சம் இல்ல. அந்த அம்பயர நாம எல்லாரும் பாத்தோம்." ரோலரைக் கைகாட்டினார். கோட்டு நிரந்தரம் ஆயிற்று. நிரந்தரமானால் தங்க இடம் கொடுக்க வேண்டும் என்று விதி இருப்பதைச் செயலாளர் எடுத்துக்காட்டினார்.

வீட்டில் அமுதம் சோறு போட்டாள். அவரால் பிசைய முடியாததால் அவளே பிசைந்து கொடுத்தாள்.

"கோட்டுக்குப் பொண்டாட்டி புள்ள கெடையாதே. ஒரு ஓரமா நாம இருந்துக்கிறோம்னு கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்னா சொன்னாங்க?"

"அதுக்குத் தனியா இருந்தாத்தான் நடுநிலை கெடாதாம்."

அம்பகரத்தூரில் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர் மூங்கில் பத்தை வைத்து விரலை நிமிர்த்திக் கட்டினார். ஒன்றரை மாதம் கழித்து அவிழ்த்தபோது எலும்பு கூடியிருந்தது; ஆனால் விரல் மடங்கவில்லை. நிமிர்ந்தது நிமிர்ந்தபடியே நின்றது. மற்ற விரல்கள் பழக்கத்தில் மடங்கிக்கொள்ளும். முத்தையன் கும்பிட்டாலும் அது மட்டும் தனியாக நிற்கும். முதல்நாள் செயலாளருக்கு அவர் வணக்கம் வைத்தபோது செயலாளர் தன்னையறியாமல் படலை நோக்கி நாலடி நடந்துவிட்டு, பிறகு சுதாரித்துக்கொண்டார்.

கோவில்பத்திலிருந்து ழில்பேர் ஒரு கடிதம் எழுதினான். விரல் திரும்பவும் எழுந்துவிட்டது, இன்றுவரை இறங்கவில்லை. ஆகவே வழக்கப்படி நீலகண்டன் அவுட். வீட்டில் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அவுட். சபை அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவசரக் கூட்டம் போட்டு உத்தரவு பிறப்பித்தார்கள். கூலி முத்தையன் சபை எல்லைக்குள் இருக்கும்போது வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐப்பசி வந்தது. மூன்றாம் நாள் மழையில் ஆற்றுத் தண்ணீர் குடிசைக்குள் முழங்கால் அளவு ஏறியது. அமுதம் உரலின்மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் மூச்சு மழைச்சத்தத்துக்கு மேலே கேட்டது. மத்தியானம் செயலாளர் சாவியோடு ஆளனுப்பியிருந்தார். ஓட்டு அறையில் ஒழுகுகிறதா, கோட்டு நனைந்திருக்கிறதா என்று உடனே பார்த்துச் சொல்ல வேண்டும்.

"நானும் வர்றேன்" என்றாள் அமுதம். "தாவாரத்துலயாவது ஒண்டிக்கிறேன்."

சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இருவரும் போனார்கள். முத்தையன் கதவைத் திறந்தார். உள்ளே தரை உலர்ந்து கிடந்தது. பாச்சை உருண்டை வாசனை அடித்தது. ஈரம் பிடிக்காமல் இருக்க ஒரு மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தது. நடுவில் கோட்டு கம்பியில் தொங்கியது. அமுதம் அடுப்புக்கென்று பார்த்து வைத்திருந்த மூலையில் கோட்டுக்கு ஓர் ஆள் உயரக் கண்ணாடி வைத்திருந்தார்கள்.

"எப்படி இருக்கு?" என்றாள் அமுதம், சுவரில் சாய்ந்தபடி.

"காஞ்சு கெடக்கு."

"ஒரு நாழி உள்ள வந்து நின்னுக்கவா? மூச்சு அடங்கினதும் போயிடுவேன்."

முத்தையன் ஒதுங்கி வழிவிட்டார். அவள் ஒரு காலை எடுத்து உள்ளே வைத்தாள். அந்த நேரம் குடையோடு செயலாளர் வந்து சேர்ந்தார். முத்தையன் சட்டென்று வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"கோட்டு எப்படி இருக்கு?"

"சுகமா இருக்குங்கய்யா."

"யாரது உள்ள? ஈரத்தோட? கோட்டுக்குப் பூஞ்சை பிடிச்சா யாரு பதில் சொல்றது? வெளிய போகச் சொல்லு."

அமுதம் காலை எடுத்துக்கொண்டாள். மழையில் இறங்கினாள். இரு, சாக்கையாவது போட்டுக்கொண்டு போ என்று முத்தையன் சொல்ல நினைத்து, பின்னாலிருந்த கையை எடுத்து அவளை நோக்கித் தூக்கினார்.

அமுதம் திரும்பிப் பார்த்தாள். மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. ஒன்று மட்டும் நேராக, நட்ட குச்சி மாதிரி நின்றது. பதினோரு வருடமாகச் சபைக்குப் புருஷனோடு வந்துபோகிறவள். அதற்கு என்ன பொருள் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் நின்று எதையும் கட்டவில்லை. எங்கும் உட்காரவில்லை. விசிலடிக்கும் மூச்சோடு நேராக நடந்துபோய் வேலிப் படலைத் தாண்டினாள். அந்தச் சபையில் விரலைப் பார்த்ததும் மறுபேச்சுப் பேசாமல் வெளியே போன முதல் ஆள் அவள்தான்.

அவள் தாண்டிய பிறகும் விரல் இறங்கவில்லை.